முன்னரே இருந்ததா?

பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், 1887ஆம் ஆண்டில் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். வண்டி அதிராமல் ஓடிற்று. மறு ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். வாணிகம் தொடங்கியது, பந்தயங்களில் அச்சக்கரங்கள் வென்றன. ஆனால் 1890ஆம் ஆண்டில் அவ்வுரிமை செல்லாது எனத் தெரிய வந்தது.

காரணம் யாது? ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் 1845ஆம் ஆண்டிலேயே குதிரை வண்டிகளுக்கென இத்தகைய சக்கரத்தை அமைத்துக் காப்புரிமை பெற்றிருந்தார். அதன் அமைப்பு எழுத்தில் இருந்தது. உலகமோ அதனை மறந்துவிட்டது. தாம்சனும் 1873இல் மறைந்தார். டன்லப் களவு செய்தாரல்லர், தாமாகவே கண்டவர். எனினும் சட்டம் நோக்குவது கண்டவரின் நேர்மையை அன்று. கண்ட பொருள் முன்னரே வெளிப்பட்டிருந்ததா என்பதையே.

செயற்கை ரப்பர்ப் பாலிலும் இவ்வினா எழும். ஸ்டைரீன், பியூட்டாடையீன் ஆகியவற்றைச் சோப்பு கலந்த நீரில் இணையச் செய்தால் வெண்ணிறப் பால் உண்டாகும். காகிதத்திற்குப் பூச்சாகவும், கம்பளத்தின் அடிப்புறத்திற்குப் பசையாகவும் அது பயன்படும். ஸ்டைரீன் நூற்றுக்கு 50 முதல் 70 பங்கும், எஞ்சியது பியூட்டாடையீனும், துகளின் குறுக்களவு 100 முதல் 200 நானோமீட்டரும் கொண்ட பாலுக்கு ஒருவர் உரிமை கேட்கிறார் என்க.

ஆய்வாளர் பழைய ஏடுகளைத் தேடுவார். இக்கூறுகள் யாவும் ஒரே ஏட்டில் ஒருங்கே இருந்தால்தான் புதுமை இல்லை என்பார். ஓர் ஏட்டில் பாதியும் மற்றோர் ஏட்டில் பாதியும் இருப்பின் புதுமை கெடாது. அவற்றை இணைப்பது எவர்க்கும் எளிதில் தோன்றக்கூடியதா என்பது வேறு வினா. இரண்டையும் குழப்புவோர் பலர். பழைய ஏட்டில், 60 பங்கு ஸ்டைரீனும் 150 நானோமீட்டர்த் துகளும் உடைய பால் ஒன்றே ஒன்று கூறப்பட்டிருந்தாலும் போதும். கேட்ட எல்லை முழுவதும் புதுமை இழக்கும்.

பழைய ஏடு துகளின் அளவைச் சொல்லவே இல்லையெனின் என்செய்வது? அதிற் கண்ட முறைப்படியே பாலைச் செய்து அளந்து பார்க்கலாம். செய்யுந்தோறும் அவ்வெல்லைக்குட்பட்ட துகளே தவறாது கிடைப்பின், எழுதாவிடினும் அது முன்னரே இருந்ததாகும். ஆனால் சோப்பு மிகுந்தால் துகள் சிறுக்கும், குறைந்தால் பருக்கும். பழைய ஏடு சோப்பின் அளவைக் குறிக்காமல் விட்டு, அதனால் துகள் ஒருகால் எல்லைக்குள்ளும் ஒருகால் வெளியிலும் அமையுமாயின், அவ்வேடு புதியவரின் உரிமையைத் தடுக்காது.