தசையழற்சி நோய்களில் திசுப்பரிசோதனை முடிவைப் பொருள்கொள்ளும் முறை

முன்னுரை

படியேறுதல், தரையிலிருந்து எழுதல், கையைத் தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகியன கடினமாகி, குருதியில் கிரியேட்டின் கைனேஸ் நொதியின் அளவும் உயர்ந்திருப்பின் தசையழற்சி நோய் ஐயுறப்படுகிறது. அதனை உறுதிசெய்யும் வழிகளுள் தசைத் திசுப்பரிசோதனை முதன்மையானது. 1975இல் போகன், பீட்டர் ஆகியோர் வகுத்த நோயறி அளவைகளிலும் இது இடம்பெற்றது. எனினும், அறிக்கையில் வரும் ‘அழற்சி’ என்னும் சொல் மட்டுமே நோயின் பெயராகிவிடாது.

மாதிரியைத் தேர்தல்

அழற்சி தசை முழுவதும் சீராகப் பரவுவதில்லை, திட்டுத்திட்டாக அமைகிறது. ஆதலால், மிகவும் மெலிந்துபோன தசையையும் அண்மையில் மின்தசைப் பதிவுக்காக ஊசி செலுத்தப்பட்ட தசையையும் தவிர்த்து, மிதமாக வலுவிழந்த தசையிலிருந்தே மாதிரி எடுக்கப்படுகிறது. எம்.ஆர்.ஐ. படம் உரிய இடத்தைக் காட்ட உதவும். ஸ்டீராய்டு மருந்து முன்னரே தொடங்கப்பட்டிருப்பின் அழற்சியின் தடயம் குறைந்திருக்கலாம். எனவே, ‘இயல்பானது’ என்னும் அறிக்கை நோயின்மையை மெய்ப்பிப்பதில்லை.

நுண்ணோக்கியில் புலப்படும் வேறுபாடுகள்

தோலையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயில் தசையிழைக் கற்றையின் ஓரத்து இழைகள் சுருங்கிக் காணப்படும். இழையிறப்பு வகைத் தசைநோயில் இறந்த இழைகளும் மீள வளரும் இழைகளும் சிதறிக் கிடக்கும். நிணவணுக்கள் குறைவாகவே இருக்கும். ஸ்டேட்டின் மருந்து உட்கொண்டோர் சிலரிடம் இவ்வகை நோய் எச்.எம்.ஜி.சி.ஆர். எதிர்ப்பொருளுடன் தோன்றுகிறது. இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் நோயிலோ, சிதையாத இழைகளுக்குள் நிணவணுக்கள் ஊடுருவுவதுடன், விளிம்பு கட்டிய நுண்குமிழிகளும் இழைகளுக்குள் தென்படும். முதலிரு வகைகள் பெரும்பாலும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளுக்கு இணங்குகின்றன. மூன்றாவது அவ்வாறு இணங்குவதில்லை. இதனால், வகையறிதலே சிகிச்சையின் போக்கை முடிவு செய்கிறது.

மயக்கம் தரும் நிலை

டிஸ்ஃபெர்லின் புரதக் குறைபாட்டால் விளையும் மரபுவழித் தசைச்சிதைவிலும் நிணவணுக்கள் காணப்படுவதுண்டு. அதனைப் பாலிமயோசைட்டிஸ் எனக் கொண்டால், நோயாளர் பயனின்றி நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொள்ள நேரும். எலும்பு வலுக்குறைவு, நீரிழிவு முதலிய பக்கவிளைவுகளையும் தாங்க நேரும். சிகிச்சைக்கு இணங்காத நிலையில் புரதச் சாயமேற்றலும் மரபணுச் சோதனையும் இம்மயக்கத்தைத் தெளிவிக்கும்.

முடிவுரை

திசு அறிக்கை தனித்து நின்று தீர்ப்பளிப்பதன்று. நோய்க்குறிகள், எதிர்ப்பொருள் சோதனை, தசைப்படம் ஆகியவற்றோடு இணைத்து நோக்கும்போதே அது முழுப்பொருள் பெறுகிறது. அவற்றோடு அறிக்கை முரண்படுமாயின், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயறிதலையே மீளாய்வு செய்தல் இன்றியமையாதது.