சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும்

புனே லோஹேகாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என் ஸ்போர்ட்ஸ் கார் காலையில் நெடுஞ்சாலையில் அருமையாக ஓடுகிறது. மதியம் விமான நிலையச் சாலை நெரிசலில் ஊர்ந்து வந்தால் திடீரென்று இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டால் கோளாறே இல்லை என்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?”

இந்தக் கடிதத்தில் பாதி விடை இருக்கிறது. மதியம் நிற்கிறது, அரை மணி நேரம் ஆறினால் ஓடுகிறது. அப்படியென்றால் கோளாறு வெப்பத்தின் பின்னால் போகிறது. புனேயின் வெப்பநிலையை இந்திய வானிலைத் துறை சிவாஜிநகரிலும் லோஹேகாவிலும் அளக்கிறது. ஏப்ரலில் லோஹேகாவ் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. இது வெளிக்காற்றின் சூடு. நெருக்கிக் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் அறையில், அதுவும் காற்றோட்டமில்லாத நெரிசலில், சூடு இன்னும் எங்கோ போய்விடும்.

அடுத்து, எப்படி நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மீது. கிராங்க் சுழல்வது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போனால் அது பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். வண்டி இழுக்காமல் திணறி, குலுங்கி, பிறகு நின்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று பொருள். இரண்டுமே சூட்டில் வரும் நோய்கள். இரண்டாவது நோய்க்கு அண்மைக் காலத்தில் பெரிய வரலாறே இருக்கிறது.

பெட்ரோல் டேங்கின் உள்ளே, பெட்ரோலில் மூழ்கியபடியே ஒரு சின்ன மின்பம்ப் ஓடுகிறது. அதன் உயிர் விளிம்பெல்லாம் பற்கள் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் வட்டு, அதாவது இம்பெல்லர். வட்டுக்கும் உறைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளிதான் உண்டு. இடைவெளி கூடினால் அழுத்தம் வராது, குறைந்தால் வட்டு உரசும். ஜப்பானின் டென்ஸோ நிறுவனம் தயாரித்த சில இம்பெல்லர்கள் அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டிருந்தன. உற்பத்தியின்போது கரைப்பானில் அதிக நேரம் இருந்ததால் அவற்றின் மேற்பரப்பில் நுண்விரிசல்கள் விழுந்தன. விரிசல் வழியே பெட்ரோல் ஊறியது, வட்டு உப்பியது, உறையில் உரசியது.

மழைக்காலத்தில் வாசற்கதவு இறுகுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் அடித்த முகப்பில் நீர் ஏறாது. யாரும் வார்னிஷ் அடிக்காத மேல்விளிம்பில் ஏறும். இம்பெல்லரின் நுண்விரிசல்தான் அந்த மேல்விளிம்பு. கதவு ஒரே நாளில் சிக்குவதில்லை. முதலில் முனகும், பிறகு தோளால் இடிக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் அசையாது. பம்பும் முதலில் முனகும், பிறகு அழுத்தம் குறையும், பிறகு நிற்கும். தச்சர் வெயில் நாளில் வந்தால் கதவு ஒழுங்காகத் திறக்கும். அவர் கையில் குறையே அகப்படாது. சர்வீஸ் சென்டரில் ஆறிப்போய் நிற்கும் காருக்கும் அதே கதைதான். ஏற்கெனவே உப்பிய வட்டு, மதியச் சூட்டில் இன்னும் கொஞ்சம் விரிந்ததும் சிக்குகிறது. ஆறியதும் அந்தக் கொஞ்சம் சுருங்கி விடுபடுகிறது. ஒரே ஒரு வேறுபாடு: கதவை இழைப்புளியால் சீவிவிடலாம், இம்பெல்லரைச் சீவ முடியாது, பம்பையே மாற்ற வேண்டும்.

2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் கார்களை இந்த இம்பெல்லர் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. லெக்ஸஸ் எல்சி 500 போன்ற விலையுயர்ந்த கூபேயும் அதில் அடக்கம். இந்தியாவில் ஹோண்டா ஃப்யூயல் பம்புக்காக 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும், 2024 அக்டோபரில் 90,468 கார்களையும் அழைத்தது. காலப்போக்கில் இன்ஜின் நின்றுபோகலாம், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம் என்று நிறுவனமே சொன்னது.

இப்போது எத்தனாலுக்கு வருவோம். 2020-ல் அழைக்கப்பட்ட அந்த 65,651 கார்களும் 2018-ல் தயாரானவை. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததோ 2023 பிப்ரவரியில். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பற்றி எத்தனாலிடம் கேட்க நியாயமான கேள்விகள் உண்டு. ஆனால் நின்றுபோகும் ஒவ்வொரு காரையும் அதன் கணக்கில் எழுதினால் உண்மையான குற்றவாளி தப்பிவிடும்.

வரலாறு கொஞ்சம் போதும். கார்புரேட்டர் காலத்தில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருந்தது. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்கும். ஊசிமூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை 2000 வாக்கில் மாருதி 800 வரை வந்துவிட்டது. பம்ப் டேங்குக்குள் போனதால் ஆவித் தொல்லை பெரிதும் ஒழிந்தது. பம்ப் கண்ணுக்கு மறைந்தும் போனது.

கண்ணுக்கு மறைந்ததைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் போதும் என்று நம்பவைக்கிறார்கள். சில நூறு ரூபாய்க் கருவியையும் செயலியையும் வாங்கினால் கார் தன் நோயைத் தானே சொல்லும் என்று விளம்பரம் வருகிறது. வண்டிக்குள் இருக்கும் கண்காணிப்பு முறை முதன்மையாகப் புகைமாசுக்காக உருவானது. பல கார்களில் டேங்க் பம்பின் அழுத்தத்தை அளக்கத் தனி சென்சாரே கிடையாது. அளக்காத ஒன்றுக்கு எச்சரிக்கைக் குறி எங்கிருந்து வரும்?

அளப்பதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. பம்புக்குப் போகும் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மாட்டி, ஆஸிலாஸ்கோப்பில் மின்னோட்டத்தைப் பார்ப்பது. டேங்கைக் கழற்ற வேண்டாம், ஒரு துளி பெட்ரோல் சிந்த வேண்டாம். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில், கம்யூட்டேட்டர் என்னும் சுழலும் மின்தொடர்பு வளையத்தின் ஒவ்வொரு பட்டையும் பிரஷைக் கடக்கும்போது திரையில் ஒரு மேடு எழும். எட்டுப் பட்டை இருந்தால் எட்டு மேடு ஒரு சுற்று. எட்டு மேடுகள் 10 மில்லிசெகண்டில் கடந்தால் பம்ப் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடுகிறது. மூடிய டேங்குக்குள் சுழலும் வட்டின் வேகம் வெளியிலிருந்தே கைக்கு வந்துவிட்டது!

இனி வேகத்தையும் மின்னோட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இம்பெல்லர் உரசினால் வேகம் குறையும். மோட்டாரின் எதிர் மின்னழுத்தம் குறைவதால் மின்னோட்டம் ஏறும். ஒயரிலோ எர்த்திலோ துரு இருந்தால் பம்புக்கு மின்னழுத்தம் போதாது. வேகம், மின்னோட்டம் இரண்டுமே இறங்கும். பம்பின் வாயில் உள்ள வலை அடைத்தால் சுமை குறைந்து வேகம் ஏறும், மின்னோட்டம் இறங்கும். ஒரு பட்டை தேய்ந்திருந்தால் எட்டில் ஒரு மேடு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தாழ்ந்து வரும். மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடும் புதிய பிரஷ் இல்லாத பம்புகளில் அலையின் வடிவம் வேறு. ஆனால் ஒரு நிபந்தனை எல்லாவற்றுக்கும் பொது: வண்டி நிற்கும் அந்த நேரத்தில் கிளாம்ப் மாட்டியிருக்க வேண்டும். ஆகவே மதியத்தில், அதே நெரிசலில், மெக்கானிக்கை உடன் அழைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். அளவு கைக்கு வராமல் சென்சார், ரிலே, பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றச் சம்மதிக்காதீர்கள். முன்னதாக, சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் கார் திரும்ப அழைத்தலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அதுவரை கவனம் தேவை. ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்கே தாங்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து, ஹஸார்ட் விளக்குப் போட்டு ஓரம் கட்டுங்கள்.

ஒவ்வொரு முறை நின்றதையும் தேதி, நேரம், டேங்கில் இருந்த பெட்ரோல் அளவோடு குறித்து, எழுத்தில் புகாராகக் கொடுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளின் புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். ‘கோளாறு இல்லை’ என்று மூடப்பட்ட வேலைச்சீட்டு எந்தக் கணக்கிலும் சேராது. வந்து வந்து போகும் கோளாறு ஒரு காரில் தற்செயல் போலத் தெரியும். ஆயிரம் கார்களின் குறிப்பு ஒன்றாகச் சேரும்போதுதான் காரணம் முகம் காட்டும்.