செல்ஃப் எடுக்காத காரும் 35 என்ற விடையும்

பத்தாம் வகுப்பில் ஓம் விதியை நடத்தும்போது நான் கரும்பலகையில் எழுதும் கேள்வி இது: "சாவியைத் திருப்பியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன காரணம்?" உடனே "பேட்டரி டவுன்", "பெட்ரோல் இல்லை", "பிளக் போயிடுச்சு" என்று விடைகள் வந்து விழும். எல்லாமே நடக்கக்கூடியவைதான். "இவற்றுள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் காது கொடுத்துக் கேட்போம்

பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆக இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலில், பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இதைத்தான் 'செல்ஃப் எடுப்பது' என்கிறோம். அடுத்து, சுழலும் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து, அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிய வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றினால், செல்ஃப் எடுத்துவிட்டது. பேட்டரியை விட்டுவிட்டு எரிபொருளையும் பொறியையும் பார்க்கலாம். எஞ்சின் சுற்றவே இல்லை, அல்லது 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வருகிறது என்றால், பிளக்கைக் கழற்றுவதில் பயனில்லை. ஒரே ஒரு கவனிப்பில் சந்தேகப் பட்டியலில் பாதி குறைந்துவிடுகிறது.

விளக்கு சொல்லும் சாட்சி

செல்ஃப் எடுக்காத காரில் அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காருக்குள் இருக்கும் கூரை விளக்கைப் போட்டு, சாவியைத் திருப்ப வேண்டும்.

விளக்கு மங்காமல் எரிகிறது, மோட்டார் அசையவில்லை என்றால், மோட்டாருக்கு மின்னோட்டம் போகவே இல்லை. சில கார்களில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகு ரிலே, ஒயர், மோட்டார் என்று தேடலாம்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ, மோட்டார் மின்னோட்டத்தைக் கேட்கிறது, கொடுக்க வழியில்லை. பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கும், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும்.

"விளக்குதான் எரிந்ததே சார், பேட்டரி எப்படி டவுன் ஆகும்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். ஓம் விதியைக் கையில் கொடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. உப்புப் பூத்த டெர்மினலின் மின்தடை 0.04 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கூரை விளக்குக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் போதும். டெர்மினலில் இழப்பது 0.04 வோல்ட். யாருக்கும் தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 150 ஆம்பியர் வரை தேவைப்படலாம். அவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டுமானால் அந்த டெர்மினலே 6 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் பாதி! விளக்கு எரிய, மோட்டார் படுத்துக்கொள்ளும் காரணம் இதுதான்.

பேட்டரியா, டெர்மினலா?

இரண்டையும் பிரித்தறிய மல்ட்டிமீட்டர் உதவும். ஓய்விலிருக்கும், முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் சார்ஜ் பெருமளவு தீர்ந்துவிட்டது. அடுத்து, பேட்டரியின் ஈய முனையில் ஒரு கம்பியையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மறு கம்பியையும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினால் குற்றவாளி அந்த இணைப்புதான். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் பணம் போகும், பழுது அப்படியே இருக்கும்.

காரை மாணவர்கள் தொட வேண்டியதில்லை. இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, 47 ஓம் தடையத்துடன் சேர்த்த சிவப்பு எல்.இ.டி. ஒன்றையும் பொம்மை மோட்டார் ஒன்றையும் பக்க இணைப்பில் கொடுங்கள். மின்கலத்திலிருந்து வரும் பொதுப் பாதையில் இன்னொரு 47 ஓம் தடையத்தைச் செருகுங்கள். அதுவே உப்புப் பூத்த டெர்மினல். மோட்டாரை இணைக்கும் வரை எல்.இ.டி. எரியும். இணைத்ததும் எல்.இ.டி. அணையும், மோட்டாரும் சுற்றாது. பொதுப் பாதைத் தடையத்தை நீக்கினால் இரண்டும் வேலை செய்யும்.

கணக்கு நோட்டிலும் இதே தேடல்

52 − 27 = 35 என்று இரு மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் நாம் போடுவது ஒரே சிவப்புச் சுழி. ஆனால் பழுது ஒன்றுதானா? முதல் மாணவர் மேலே கீழே என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கலாம்: 7 − 2 = 5, 5 − 2 = 3. இரண்டாமவர் கடன் வாங்கி 12 − 7 = 5 என்று சரியாகக் கழித்துவிட்டு, பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கலாம். விடை மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது.

60 − 27 கொடுத்துப் பாருங்கள். முதலாமவர் 47 என்பார், இரண்டாமவர் 43 என்பார். 52 − 27 காட்டாததை இந்தக் கணக்கு காட்டுகிறது. கூரை விளக்கு செய்யும் வேலையும் இதுவே: பழுதுக்குப் பழுது வேறு வேறு விடை தரும் சோதனைதான் நல்ல சோதனை.

தேவையான மருந்தும் வேறு. முதலாமவருக்குக் குச்சிக்கட்டைப் பிரித்து ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக்கும் செயல்பாடு வேண்டும். இரண்டாமவருக்கு 5ஐ அடித்து மேலே 4 என்று எழுதும் பழக்கம் போதும். இருவருக்கும் 'கவனக்குறைவு' என்று எழுதி, இன்னும் இருபது கணக்குகள் கொடுத்தால், அவர்கள் அதே தவறை இருபது முறை பழகுவார்கள். பிறகு 'எனக்குக் கணக்கு வராது' என்று தாமே முடிவுகட்டிவிடுவார்கள்.

அடுத்த முறை நோட்டுத் திருத்தும்போது, தவறான விடை ஒன்றின் அருகே சுழிக்குப் பதிலாக இன்னொரு கணக்கை எழுதிக் கொடுங்கள். இரண்டு சந்தேகங்களுக்கு இரண்டு வேறு விடைகள் வருமாறு அந்தக் கணக்கு இருக்கட்டும். கூடுதலாகச் செலவாவது இரண்டு நிமிடம். எதை மறுபடி கற்பிக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.