நின்றுபோன பனியாறு



உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். அதைக் குடிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருது?

"குழாய்ல இருந்துதான்!" என்று சொல்வீர்கள். சரிதான். குழாய்க்கு எங்கேயிருந்து வருது?

நம் ஃப்ரீமான்ட் நகருக்கு மூன்று இடங்களிலிருந்து தண்ணீர் கிடைக்கிறது. ஒரு பங்கு, அலமேடா ஓடையிலிருந்தும் நைல்ஸ் பக்கத்து நிலத்தடியிலிருந்தும் வருகிறது. இன்னொரு பங்கு, சாக்ரமென்டோ டெல்டாவிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. மூன்றாவது பங்கு, யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்களிலும் சுரங்கங்களிலும் நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறது.

ஹெட்ச் ஹெட்சியை நிரப்புவது டுவாலமி ஆறு. அந்த ஆற்றின் ஒரு கிளை, லயல் என்ற உயரமான மலையில் பிறக்கிறது. அங்கே ஒரு பனியாறு இருக்கிறது. இந்தப் பாடம் அந்தப் பனியாற்றின் கதை.

பனி என்றால் என்ன?

உங்கள் பாட்டியிடம் தொலைபேசியில் "பனின்னா என்ன பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "மார்கழி மாசம் காலையில புல்லு மேல இருக்குமே, அதுதான். பனியில நிக்காதே கண்ணு, சளி பிடிக்கும்!" என்பார்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் வானத்திலிருந்து வெள்ளையாகப் பனி கொட்டுவதில்லை. அதனால் புல்லில் நிற்கும் துளியையும் மலையில் கொட்டுவதையும் பனி என்றே சொல்கிறோம். வேறுபாடு காட்ட, இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம். பனி + துளி = பனித்துளி. பனி + கட்டி = பனிக்கட்டி. பனி + ஆறு = பனியாறு.

ஆறு என்றால் ஓட வேண்டுமே? பனிக்கட்டி எப்படி ஓடும்?

பனியாறு எப்படி நகர்கிறது?

மிக உயரமான மலைகளில், குளிர்காலத்தில் விழும் பனி கோடையில் முழுவதும் உருகாது. மிச்சமிருக்கும் பனியின்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி. இப்படிப் பல ஆண்டுகள் சேரும்போது, மேலே இருக்கும் பனியின் கனத்தால் அடியிலிருக்கும் பனி நசுங்கிக் கெட்டியான கட்டியாகிவிடும். அது மிகவும் தடிமனாகும்போது, தன் கனத்தாலேயே சரிவில் மெதுவாக இறங்கத் தொடங்கும்.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் கெட்டியான மாவை ஊற்றினால் என்ன ஆகும்? மெதுவாக வழியும். நடுவில் கொஞ்சம் வேகமாகவும் ஓரங்களில் மெதுவாகவும் இறங்கும். பனியாறும் அப்படித்தான்.

இதை 1872ஆம் ஆண்டு அளந்து காட்டியவர் ஜான் மியூர். அவர் லயல் மலைக்குப் பக்கத்திலுள்ள மெக்லூர் பனியாற்றில் சில கம்புகளை நட்டார். 46 நாள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தார். கம்புகள் கீழே நகர்ந்திருந்தன! ஓரத்தில் இருந்த கம்பு 11 அங்குலம் நகர்ந்திருந்தது. மிக அதிகமாக நகர்ந்த கம்பு 47 அங்குலம் நகர்ந்திருந்தது. அதாவது, ஒரு நாளைக்குச் சுமார் ஓர் அங்குலம்.

நீங்கள் யோசெமிட்டிக்குப் போயிருந்தால், பனியாறுகள் செய்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மிகப் பெரிய பனியாறுகள் இருந்தன. அவை பாறையைச் செதுக்கிப் பள்ளத்தாக்கை அகலமாக்கின. டெனாயா ஏரிக்கு அருகே சில பாறைகள் கண்ணாடிபோலப் பளபளக்கும். அவற்றைத் தேய்த்து வழவழப்பாக்கியதும் பனியாறுதான்.

லயலுக்கு என்ன ஆயிற்று?

2012ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் மியூர் செய்த சோதனையை மறுபடியும் செய்தார்கள். மெக்லூர் பனியாறு இன்னமும் நாளுக்குச் சுமார் ஓர் அங்குலம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய லயல் பனியாறு நகரவே இல்லை. 2013இல் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள்.

ஏன் நின்றுபோனது? தட்டில் மாவு நிறைய இருந்தால் வழியும். கொஞ்சமாகத் தடவியிருந்தால்? ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். சுமார் நூறு ஆண்டுகளில் லயல் பனியாறு 120 அடி தடிமன் இழந்துவிட்டது. அது ஏறக்குறைய பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம்! அதைத் தள்ளுவதற்குப் போதுமான கனம் இப்போது மேலே இல்லை. நகராத பனியாற்றைப் பனியாறு என்று சொல்ல முடியுமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இயற்கை செய்வதும் நாம் செய்வதும்

"பழைய பெரிய பனியாறுகளும் உருகிப் போச்சே. அப்ப கார் கூடக் கிடையாதே!" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி.

இயற்கையாகவும் பனியாறுகள் மாறும். பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் பூமியின் சாய்வும் மிக மெதுவாக மாறுவதால், குளிர் யுகங்கள் வந்து போகின்றன. நிலநடுக்கம் வரும்போது பாறைகள் உடைந்து பனியின்மேல் விழும். பனிச்சரிவு ஏற்படும். எரிமலை வெடித்தால் அதன் சூட்டில் பனி உருகும்.

ஆனால் குளிர் யுகம் முடிந்து பூமி சூடாவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இப்போது நடப்பது நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் நடக்கிறது. அதற்குக் காரணம் நாம்தான். நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்கும்போது கரியமில வாயு வெளியே வருகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420க்கும் மேல். இந்த வாயு பூமிக்குப் போர்த்திய கம்பளிபோல, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

இன்னொரு ஆபத்து கரி. 2020 செப்டம்பர் 9ஆம் தேதி பற்றி அம்மா அப்பாவிடம் கேளுங்கள். காட்டுத்தீப் புகையால் அன்று நம் வளைகுடாப் பகுதியில் வானம் ஆரஞ்சு நிறமாக மாறியது. அப்படிப்பட்ட புகையிலுள்ள கரித்தூள் பனியின்மேல் படிந்தால், பனி கறுத்துப்போகும். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டால் எப்படிச் சுடும்? அதேபோல, கறுத்த பனியும் வெயிலை இழுத்துக்கொண்டு சீக்கிரம் உருகும்.

இமயமலையில் என்ன நடக்கிறது?

காவிரியும் தாமிரபரணியும் மழையை நம்பி ஓடும் ஆறுகள். ஆனால் வடக்கே கங்கை, இமயமலையிலுள்ள கங்கோத்ரி பனியாற்றில் பிறக்கிறது. அந்த மலைப்பகுதியில் 2021 பிப்ரவரி 7ஆம் தேதி ஒரு பெரிய விபத்து நடந்தது. உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஒரு மலையின் பக்கம் உடைந்து, பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பள்ளத்தாக்கில் விழுந்தன. பனி உருகி, சேறும் கல்லுமாக வெள்ளம் பாய்ந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பலர், ஆற்றோரம் இருந்த நீர்மின் நிலையங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

மலை உடைந்து விழுவது இயற்கை. அது விழும் பாதையில் பெரிய கட்டடங்களைக் கட்டியது மனிதர்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் துன்பம் இவ்வளவு பெரிதானது.

2023 அக்டோபரில் சிக்கிம் மாநிலத்திலும் இப்படி நடந்தது. உருகிய பனிநீர் சேர்ந்து உருவான ஓர் ஏரி கரை உடைந்தது. அந்த வெள்ளம் தீஸ்தா ஆற்றில் இருந்த ஓர் அணையையே அடித்துக்கொண்டு போனது.

நமக்கு இதனால் என்ன?

பயப்பட வேண்டாம். லயல் பனியாறு உருகிவிட்டால் நாளைக்கே உங்கள் குழாய் வற்றிவிடாது. ஹெட்ச் ஹெட்சிக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் மலையெங்கும் விழும் பனி உருகி வருவது. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மற்ற பனியெல்லாம் தீர்ந்துபோன பிறகு, மலை உச்சியிலுள்ள ஓடைக்குக் குளிர்ந்த நீர் தருவது பனியாறுதான். அது போய்விட்டால் அங்குள்ள பூச்சிகளும் தவளைகளும் புல்வெளிகளும் என்ன செய்யும்?

பனியாறு மட்டும் அல்ல. பூமி சூடாகச் சூடாக, மலையில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. மழை உடனே ஓடிவிடும். பனி கோடைவரை காத்திருக்கும். பனிதான் நமக்கு மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

நீங்கள் ஒருவர் பள்ளிக்கு நடந்து போனால் லயல் மறுபடியும் நகரத் தொடங்காது. அது உண்மை. ஆனால் கோடிக்கணக்கான பேர் சேர்ந்து செய்ததால் வந்த மாற்றம் இது. கோடிக்கணக்கான பேர் சேர்ந்தால்தான் இதைக் குறைக்கவும் முடியும். அந்தக் கோடியில் நீங்களும் ஒருவர்.

இன்னொரு வேலையும் உங்களால் முடியும். 1883ஆம் ஆண்டு ஒருவர் லயல் பனியாற்றைப் படம் எடுத்துவைத்தார். அந்தப் பழைய படம் இருப்பதால்தான், எவ்வளவு பனி போய்விட்டது என்று இன்று நம் கண்ணால் பார்க்க முடிகிறது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது, ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பின்னால் தேதியைத் தமிழில் எழுதிவையுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ ஒருவர் அதைத் தேடுவார்.

சரி, இப்போது அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்!

செய்து பார்

இரண்டு பனிக்கட்டிகளை ஒரே நேரத்தில் வெயிலில் வையுங்கள். ஒன்றை வெள்ளைத் துணியாலும் மற்றொன்றைக் கறுப்புத் துணியாலும் மூடுங்கள். எது முதலில் உருகுது? ஏன்?

பேசுவோம்

1. பனியாறு ஏன் நகர்கிறது? இட்லி மாவை வைத்து உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குங்கள்.
2. சமோலியில் இயற்கை செய்தது எது? மனிதர் செய்தது எது?
3. உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.