முதலில் எத்தனை பேருக்கு?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்தின் முதல் முனையத்தில் இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் கவுன்ட்டர்களின் கணினிச் சேவை காலையிலேயே முடங்கியது. ஊழியர்கள் கையாலேயே செக்-இன் செய்தார்கள். ஹைதராபாத்தில் ஒரு பயணிக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸே கிடைத்தது. இண்டிகோ மட்டும் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது.

காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39க்குத் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியிருந்தது. கணினியில் இருந்த அதன் மென்பொருள் 20 தகவல்களைத்தான் கொடுக்கும். புதிய கோப்போ 21ஆவதையும் கேட்டது. இல்லாத ஒன்றைத் தேடி நினைவகத்தின் எல்லைக்கு வெளியே படிக்கப்போன விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றது. மறுபடி இயக்கினால் மறுபடியும் அதே நீலத்திரை. 10.57க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடங்கள்தான். அதற்குள், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில், 85 இலட்சம் கணினிகள் விழுந்துவிட்டன. பல அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஆள் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று.

பிழை எந்த நிரலிலும் வரும். அது எல்லோரையும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததுதான் கேடு. முதல் ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால், விமான நிலையங்களில் பெரும்பாலானவை அன்று வழக்கம்போல் இயங்கியிருக்கும்.

பெங்களூரின் வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் கோடிக்கணக்கானோரின் செயலிகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அன்றாட வேலை. முதலில் நூற்றில் ஒருவருக்கு, பிறகு ஐவருக்கு, இருபது பேருக்கு என்று படிப்படியாகப் போவார்கள். முதல் படிக்கு 'கேனரி' என்று பெயர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானைக்குள் எல்லாம் ஒரே அரிசி, ஒரே உலை. அதனால் அது செல்லும். கைப்பேசிகள் அப்படி இல்லை. ஒன்று போன மாதம் வாங்கியது, ஒன்று ஆறு வருடம் பழையது. ஒன்றில் இடம் நிரம்பி வழிகிறது, ஒன்றில் எழுத்து தமிழில் இருக்கிறது. அப்படியானால் எத்தனை சோறு பார்க்க வேண்டும்? புள்ளியியல் இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. ஆயிரத்தில் ஒரு கைப்பேசியில் மட்டும் தலைகாட்டும் பிழை என்று வையுங்கள். நூறு பேரிடம் சோதித்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துகூட இல்லை. 3000 பேரிடம் சோதித்தால் 95 விழுக்காடு. பிழை எவ்வளவு அரிதோ, அதைப்போல் மூன்று மடங்கு ஆட்கள் வேண்டும். முதல் படியின் அளவை இந்தக் கணக்கு தீர்மானிக்க வேண்டும். மேலாளரின் அவசரம் தீர்மானிக்கக் கூடாது.

அந்த 3000 பேரை எப்படிப் பொறுக்குவது? அலுவலக ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்தால், நல்ல கைப்பேசியும் நல்ல இணையமும் உள்ளவர்களையே சோதித்ததாகும். அதனால் ஒவ்வொரு பயனரின் அடையாள எண்ணையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு 0 முதல் 99 வரை ஓர் எண் ஆக்குகிறார்கள். முதல் நாள் 0 வந்தவர்களுக்கு மட்டும். அடுத்து 0 முதல் 4 வரை வந்தவர்களுக்கு. யாரும் பட்டியல் எழுத வேண்டாம். சீட்டுக் குலுக்கியதுபோல் எல்லா ஊரும் கலந்து வரும், முதலில் பெற்றவர் எந்தப் படியிலும் விடுபட மாட்டார்.

இதைவிடக் கடினமானது, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் நாள்கணக்கில் சேர்ந்து வாழ்வது. இரண்டும் ஒரே தரவுத்தளத்தைத் தொடுகின்றன. புதியது எழுதியதைப் பழையதும் படிக்க வேண்டும். பழையது தேடும் இடத்தைப் புதியது அழித்துவிடக் கூடாது. ஆகவே முதலில் புதிய இடத்தைச் சேர்ப்பார்கள், எல்லோரும் மாறி முடிந்த பிறகே பழையதை நீக்குவார்கள். திரும்பி வரும் வழியும் அதுவரை திறந்திருக்கும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2016 முதல் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள். புதியது காலி அறையில் இறங்கும். அது எழும்பாவிட்டால் கைப்பேசி தானாகவே பழைய அறைக்குத் திரும்பிவிடும்.

கிரவுட்ஸ்ட்ரைக்கின் வாடிக்கையாளர்கள் முழுப் பதிப்புகளை ஒன்றிரண்டு படி தள்ளி வாங்கிக்கொள்ள முடிந்தது. புதிய தாக்குதல்களை அடையாளம் காட்டும் சிறு கோப்புகளுக்கு மட்டும் படி கிடையாது. திருடன் காத்திருக்க மாட்டான் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. அன்றைய சேதத்துக்குப் பின் அந்தக் கோப்புகளையும் படிப்படியாகவே அனுப்பப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

உங்கள் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருக்கிறீர்களா? விற்க வருபவரிடம் விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: புதுப்பிப்பை முதலில் எத்தனை கணினிகளுக்கு அனுப்புவீர்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், நின்றுபோனால் எப்படித் திரும்புவோம்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.