உங்களுக்குத் தெரியுமா? – விதிகளின் சந்தில் புகுந்து வந்த வி-8 கார்கள்

● அமெரிக்க மசில் கார் யுகத்தைத் தொடங்கிவைத்தது ஒரு விதியில் இருந்த ஓட்டை. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் 1963இல் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு, மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவும் கண்டுகொண்டது இதுதான்: கட்டுப்பாடு கார் மாடலுக்குத்தானே தவிர, வாங்குபவர் கூடுதலாகக் கேட்டுப் பொருத்திக்கொள்ளும் வசதிகளுக்கு இல்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதுவான காருக்கு 389 கன அங்குல எஞ்சினைச் சுமார் 296 டாலருக்குக் 'கூடுதல் வசதி'யாக அறிவித்தார்கள். அதுதான் 1964 ஜிடிஓ. ஐயாயிரம் விற்றால் போதும் என்று தயங்கித் தயங்கித்தான் அனுமதி கிடைத்தது. முதல் ஆண்டிலேயே 32,000க்கு மேல் விற்றது.

கட்டுப்பாடு இறுக இறுக, சந்து தேடும் மூளையும் கூர்மையாகும். இந்தக் கார்களின் வரலாறு முழுக்க இதைப் பார்க்கலாம்.

● போனி கார் (சிறிய ஸ்போர்ட்டி கார்) என்றாலே மஸ்டங்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிளிமத் பாரகுடா அதற்கு 16 நாள் முன்னதாக, 1964 ஏப்ரல் 1 அன்றே விற்பனைக்கு வந்துவிட்டது. வரலாறு அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

● மஸ்டங் ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையில் அறிமுகமானது. முதல் நாளே 22,000 ஆர்டர்கள். வரிசை எண் 1 கொண்ட மஸ்டங்கின் கதை இன்னும் சுவையானது. விற்பனைக்கு அல்லாமல் பார்வைக்காகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பப்பட்ட அந்த வெள்ளை கன்வெர்டிபிளை, அங்கிருந்த டீலர் ஒரு விமானியிடம் விற்றே விட்டார். விமானியும் திருப்பித் தர மறுத்துவிட்டார். பத்து லட்சம் மஸ்டங் உற்பத்தியைத் தொட்ட 1966இல், அந்த மைல்கல் காரைப் புத்தம் புதிதாகக் கொடுத்துத்தான் ஃபோர்டு முதல் காரைத் திரும்ப வாங்கியது. இப்போது அது டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு கோடியாவது மஸ்டங் 2018 ஆகஸ்டில் வெளிவந்தபோது, அதையும் அதே வெள்ளையில் கன்வெர்டிபிளாகவே செய்தார்கள். முதல் காரின் குதிரைத்திறன் 164. ஒரு கோடியாவது காருடையது 460.

● ஜெர்மனியில் 'மஸ்டங்' என்ற பெயரின் உரிமை லாரி தயாரித்த க்ருப் நிறுவனத்திடம் இருந்ததால், அங்கே மஸ்டங் பல ஆண்டுகள் 'டி-5' என்ற பெயரில் விற்கப்பட்டது.

● பழைய காரின் குதிரைத்திறனையும் புதிய காரின் குதிரைத்திறனையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்டது 'கிராஸ்' கணக்கு. எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து மேடையில் ஏற்றி, ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், காரின் சைலன்ஸர் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு அளந்த எண். 1972 முதல் இவை எல்லாம் பூட்டியபடி அளக்கும் 'நெட்' கணக்கு வழக்கத்துக்கு வந்தது. இடைப்பட்ட 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட்டதால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிகிறது: கார்வெட்டின் 454 கன அங்குல எல்எஸ்-5 எஞ்சின் கிராஸில் 365, நெட்டில் 285. எஞ்சினில் ஒரு திருகுகூட மாறவில்லை!

இதன் மறுபக்கமும் உண்டு. சில கார்களின் உண்மையான வலிமை, விளம்பரத்தில் சொன்னதைவிட அதிகம். இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கண்ணில் படக் கூடாது, பந்தயத்தில் கடினமான பிரிவில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணை அடக்கிச் சொன்னார்கள். செவ்ரலேயின் முதல் காமரோ இசட்/28க்குச் சொன்ன 290 குதிரைத்திறனை அன்றைக்கே விவரம் தெரிந்தவர்கள் நம்பவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்து அடுத்த தகவலைப் படியுங்கள். முதல் ஜிடிஓவின் 6.4 லிட்டர் வி-8க்குச் சொல்லப்பட்டது 325 கிராஸ் குதிரைத்திறன். 2024 மஸ்டங்கின் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் தருவது 315, அதுவும் நெட்டில்! அந்தக் காலத்து ஜாம்பவான்கள் பலவற்றை இன்றைய அடிப்படை மாடலே நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓரங்கட்டிவிடும். பழைய கார்களின் பெருமையை இது குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒல்லியான பயஸ்-பிளை டயர், பெரும்பாலும் டிரம் பிரேக், எலக்ட்ரானிக் துணை எதுவும் கிடையாது. அத்தனை வலிமையையும் ஓட்டுநரின் கையும் காலும் மட்டுமே கட்டுப்படுத்தின.

● அதே இசட்/28இல் ஏன் 302 கன அங்குல எஞ்சின்? டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் உச்சவரம்பு 305 என்பதால். செவ்ரலே தன் 327 எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைப் போட்டு 302ஐ வரவழைத்தது. 1967இல் செய்தது 602 கார்கள் மட்டுமே.

● கிரைஸ்லரின் 426 ஹெமி முதல்முறையாகக் களமிறங்கிய பெரிய பந்தயம் 1964 டேடோனா 500. ரிச்சர்ட் பெட்டி முதலிடம். இரண்டாவது, மூன்றாவது இடங்களும் ஹெமிக்கே. சாதாரண மக்கள் வாங்க முடியாத எஞ்சின் என்று சொல்லி பந்தய அமைப்பான நாஸ்கார் 1965இல் அதை ஒதுக்கியது. கிரைஸ்லரின் பதில் எளிமையானது: 1966இல் அதே எஞ்சினைச் சற்றே சாதுவாக்கி, சாலைக் கார்களில் பொருத்தி, கடையில் விற்றது. மக்கள் வாங்க முடியாது என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

● இந்தக் கண்ணாமூச்சியின் உச்சம் கிரைஸ்லர் குழுமத்தின் 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனா. முன்னால் கூர்மூக்கு, பின்னால் 23 அங்குல உயர இறக்கை. சாலையில் பார்ப்பவர்கள் வாயடைத்துப்போகும் உருவம். பந்தயத்தில் அனுமதிக்கப்பட வேண்டுமானால் பொதுமக்களுக்கு விற்கும் காராக இருக்க வேண்டும் என்பதால் சுமார் 500 கார்களைச் செய்து விற்றார்கள். 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா தடத்தில் பட்டி பேக்கர் அந்த ரகக் காரில் மணிக்கு 200.447 மைல், அதாவது சுமார் 323 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மூடிய பந்தயத் தடத்தில் நாஸ்கார் காரொன்று 200 மைலைத் தாண்டியது அதுவே முதல்முறை. இதன் உடன்பிறப்பான பிளிமத் சூப்பர்பேர்டு, 1969இல் ஃபோர்டுக்குப் போய்விட்ட ரிச்சர்ட் பெட்டியைத் திரும்ப அழைத்துவருவதற்காகவே உருவானது என்பார்கள். அவரும் திரும்பி வந்தார். 1971இல் நாஸ்கார் இந்த இறக்கைக் கார்களின் எஞ்சினுக்கு 305 கன அங்குல வரம்பு வைத்தது. தடை என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே போட்ட தடை.

● பிளிமத் ரோட் ரன்னர் என்ற பெயருக்காகவும் கார்ட்டூன் பறவையின் படத்துக்காகவும் வார்னர் பிரதர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது 50,000 டாலர். 'பீப் பீப்' ஹாரனை உருவாக்க இன்னொரு 10,000 டாலர். உள்ளே தரைவிரிப்புகூட இல்லை. அலங்காரத்தைக் குறைத்து, எஞ்சினில் குறைவைக்காமல், சம்பளம் வாங்கும் இளைஞனுக்கு எட்டும் விலையில் கொடுப்பதே அதன் நோக்கம். மசில் கார் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தக் காரைத்தான்.

● 1966இல் ஹெர்ட்ஸ் வாடகை நிறுவனம் சுமார் ஆயிரம் ஷெல்பி ஜிடி350 ரக மஸ்டங்குகளை வாங்கி நாள் வாடகைக்கு விட்டது. பெரும்பாலானவை கறுப்பு உடலில் தங்கக் கோடு. வார இறுதியில் எடுத்துப் பந்தயத் தடத்தில் விரட்டிவிட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தவர்களின் கதைகள் இன்றும் உலவுகின்றன.

● 1969 காமரோ இசட்எல்-1: முழுக்க அலுமினியத்தால் ஆன 427 கன அங்குல எஞ்சின். மொத்தம் 69 கார்கள். எஞ்சின் விலை மட்டுமே ஒரு சாதாரணக் காமரோவின் விலையைத் தாண்டியதால் அன்று டீலர்கள் விற்க முடியாமல் திண்டாடினார்கள். 2012இல் அதே பெயரை 580 குதிரைத்திறனோடு செவ்ரலே மீட்டது. 2017 மாடலில் அது 650 ஆனது.

● வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. 1970இல் தூய காற்றுச் சட்டம். 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. இளைஞர்களின் இன்சூரன்ஸ் பிரீமியம் தலைக்கு மேல் போனது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. 1975 கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் தந்தது வெறும் 165 குதிரைத்திறன். 1974இல் வந்த மஸ்டங் 2இல் வி-8 எஞ்சினே கிடையாது. ரசிகர்கள் இன்றும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்ற அந்த ஆண்டில் அது 3,85,000க்கு மேல் விற்று மஸ்டங் என்ற பெயரைக் காப்பாற்றியது. அந்த நன்றிக்கு அது உரியதே.

● எண்பதுகளில் அமெரிக்காவின் மிரட்டலான கார்களில் ஒன்று வி-8 இல்லாதது. 1987 ப்யூக் ஜிஎன்எக்ஸ், 3.8 லிட்டர் வி-6 டர்போ. சொன்ன எண் 276. அதே ஆண்டுக் கார்வெட்டுக்கு 240. மொத்தம் 547 கார்கள், எல்லாமே கறுப்பு.

● அதே காலத்தில் ஃபோர்டு, மாஸ்டாவோடு சேர்ந்து முன்சக்கர இயக்கத்தில் ஒரு காரை உருவாக்கி அதற்கு மஸ்டங் என்று பெயர் வைக்க இருந்தது. செய்தி கசிந்ததும் ரசிகர்களின் கடிதங்கள் குவிந்தன. கம்பெனி பின்வாங்கி, அந்தக் காரை 'புரோப்' என்ற பெயரில் விற்றது. புரோப் 1997இல் நின்றுபோனது.

● 'அமெரிக்கக்' கார் என்று மார்தட்டிய டாட்ஜ் சேலஞ்சர், 2008 முதல் கடைசிக் கார் வரை கனடாவின் பிராம்ப்டனில்தான் தயாரானது. 2009இல் திரும்பிவந்த காமரோவின் அடித்தளத்தை வடிவமைத்தது ஆஸ்திரேலியாவின் ஹோல்டன். அதைத் தயாரித்ததும் கனடாவில்தான், ஓஷாவா தொழிற்சாலையில்.

● டாட்ஜின் ஹெல்கேட் எஞ்சினும் காமரோ இசட்எல்-1இன் எல்டி-4 எஞ்சினும் இன்றைய காலத்தவை. ஆனாலும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருந்து, புஷ் ராடுகள் வழியாக வால்வுகளைத் திறக்கும் பழைய முறையையே பின்பற்றின. எஞ்சினின் உயரம் குறையும், பாகங்களும் குறைவு. ஃபோர்டு மட்டும் 1996 மஸ்டங்கின் வி-8இலேயே கேம் ஷாஃப்டைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டது. அந்தப் பாதையில் போனதன் பலன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை அலறும், பின்னாளில் வந்த ஷெல்பி ஜிடி350இன் 5.2 லிட்டர் வி-8. மூன்று நிறுவனங்களும் இப்படி இரு வழிகளில் பிரிந்து போனாலும், என் ஓட்டு அந்த 5.2 லிட்டருக்கே.

● 2015 சேலஞ்சர் ஹெல்கேட்டுக்கு இரண்டு சாவிகள். சிவப்புச் சாவி போட்டால் முழு 707 குதிரைத்திறன். கறுப்புச் சாவிக்கு 500 மட்டும். வீட்டில் பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது என்று சொல்ல வேண்டியதில்லை.

● 2018 சேலஞ்சர் டீமனில் ஓட்டுநர் இருக்கை மட்டுமே இலவசம். பக்கத்து இருக்கைக்கு ஒரு டாலர், பின் இருக்கைக்கு இன்னொரு டாலர். எடையைக் குறைக்கத்தான். பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன், புறப்படும்போது முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். கால் மைலுக்கு 9.65 நொடி. பத்து நொடிக்குக் கீழே ஓடும் காரில் பாதுகாப்புக் கூண்டு வேண்டும் என்பது இழுவைப் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி. எனவே ஷோரூமிலிருந்து வந்த நிலையில் பந்தயத்துக்கு அனுமதி இல்லை. அந்தத் தடையையே டாட்ஜ் பெருமையாக விளம்பரப்படுத்தியது. ஹெமியை மீண்டும் பந்தயத்துக்குள் நுழைக்கச் சாலைக் கார் செய்த அதே நிறுவனம், அரை நூற்றாண்டு கழித்துப் பந்தயம் ஏற்க மறுக்கும் காரையே சாலைக்கு விற்றது. 2023இல் வந்த டீமன் 170 இன்னும் ஒரு படி மேல்: 1,025 குதிரைத்திறன், 8.91 நொடி.

● நேர்கோட்டில் மட்டும்தான் ஓடத் தெரியும், வளைவில் தடுமாறும் என்ற பழைய வசை இனி செல்லாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 2017இல் காமரோ இசட்எல்-1 1எல்இ 7 நிமிடம் 16 நொடியில் சுற்றியது. 2024இல் 815 குதிரைத்திறன் மஸ்டங் ஜிடிடி 7 நிமிடத்துக்குள் வந்தது, 6:57.685. ஆனால் அந்த ஜிடிடியின் விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். 2,368 டாலர் விலைச்சீட்டோடு பிறந்த பெயர் இது என்பதை என்னால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. பணவீக்கத்தை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் அந்தத் தூரம் அடையாது.

● ஆறாம் தலைமுறைக்கு முன்பு மஸ்டங் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வந்ததே இல்லை. 2015இல் அது மாறியதால்தான் 2016இல் வி-8 மஸ்டங் இந்திய ஷோரூம்களுக்கும் வந்தது.

● 2023 டிசம்பரில், ஒரே மாதத்தில், சேலஞ்சரும் காமரோவும் நின்றுபோயின. டாட்ஜ் அடுத்து மின்சாரத்தில் ஓடும் சார்ஜர் டேடோனாவைக் கொண்டுவந்தது. 670 குதிரைத்திறன் தரும் அந்தக் காருக்கு, சைலன்ஸர் போன்ற ஓர் அறைக்குள் ஒலியைப் பெருக்கிச் செயற்கையாக உறுமல் கொடுத்தார்கள். வாங்குபவர்கள் மனம் இளகவில்லை. அதனால் அதே உடலில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி 'சிக்ஸ்பேக்' என்று இறக்கியிருக்கிறார்கள். அதில் வலிமை கூடிய ரகத்துக்கு 550 குதிரைத்திறன். வி-8 எஞ்சினும் கையால் மாற்றும் ஆறு கியர்களும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு, பழைய மும்மூர்த்திகளில் இன்று எஞ்சியிருப்பது மஸ்டங் மட்டுமே.