ஆட்டிசக் குழந்தைக்கு மனநல மருந்து: எப்போது, எதற்காக?

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை சில வாரங்களாக இரவு முழுக்க விழித்திருக்கிறான். தன் கையையே கடித்துக்கொள்கிறான். பிடித்த பொம்மையைத் தொடுவதில்லை. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதிலால் சிகிச்சை தள்ளிப்போகும் குழந்தைகள் ஏராளம். ஆட்டிசம் பிறவியிலிருந்தே வருவது. நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று தோன்றினால் அதற்குத் தனிக் காரணம் இருக்கும். அதைத் தேடியாக வேண்டும்.

ஆட்டிசத்தோடு வரும் மனநலச் சிக்கல்கள்

ஆட்டிசம் மனநோய் ஆகாது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மனநலச் சிக்கல்கள் வரும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட 112 குழந்தைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. சமூகப் பதற்றமும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புச் சிக்கலும் அவற்றில் முக்கியமானவை. 2013 வரை, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாகக் குறிக்க அமெரிக்க மனநலக் கையேடு இடம் தரவில்லை. அதற்கு முன் பரிசோதிக்கப்பட்ட பலருக்கு இந்தச் சிக்கல் விடுபட்டிருக்கலாம்.

முதலில் உடலைப் பாருங்கள்

பேச்சு வராத குழந்தைக்குப் பல்வலி வந்தால் அது எப்படிச் சொல்லும்? தலையைச் சுவரில் மோதும், அடிக்கும், கத்தும். மலச்சிக்கல், காதுவலி, நெஞ்செரிச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி, வலிப்பு எல்லாவற்றையும் பார்த்த பிறகே மனநல மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பள்ளி மாறியதா, யாராவது அடிக்கிறார்களா, தகாத முறையில் தொடுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். வலியை ஆராயாமல் அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி.

மருந்தால் ஆவது என்ன?

ஆட்டிசத்தையே குணப்படுத்தும் மருந்து கிடையாது. அப்படி விற்பவர்களை நம்பாதீர்கள். கடும் எரிச்சல், ஆக்ரோஷம், தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு மருந்து உதவும். இதற்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006இல் ரிஸ்பெரிடோனையும் 2009இல் அரிபிப்ரசோலையும் அனுமதித்தது. 2002இல் வெளியான எட்டு வார ஆய்வில் ரிஸ்பெரிடோன் சாப்பிட்ட குழந்தைகளில் 69 சதவீதத்தினருக்கு நல்ல பலன். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கே. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது. எட்டே வாரத்தில் இவ்வளவு என்பதைப் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும்.

எல்லா மருந்தும் இப்படிப் பலன் தருவதில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறைக்குமா என்று சிட்டலோபிராமை 149 குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள். 2009இல் வெளியான முடிவு: வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. பதற்றத்துக்கு, பேசத் தெரிந்த குழந்தைகளிடம் படங்களோடு எளிமையாக்கிய மனநல ஆலோசனையே நல்ல தொடக்கம்.

மருந்து தொடங்கிய பிறகு

குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதே முறை. எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை முன்பே பார்த்துவைத்து, பிறகு அவ்வப்போது சோதிக்க வேண்டும். கை கால் விறைப்பு, நடுக்கம், ஆண் பிள்ளைக்கு மார்பு வீங்குதல் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். தூக்கம், கோபம், பசி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

"இந்த மருந்து எதற்காக? பலன் எப்போது தெரியும்? எப்போது குறைப்போம்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் மருந்து தொடர்வதைத் தடுக்க, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2016இல் தனி இயக்கமே தொடங்கியது. அதற்காக நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்; அறிகுறிகள் முன்பைவிட மோசமாகத் திரும்பக்கூடும்.

எங்கே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவிலிருந்து தொடங்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. யாரை அணுகுவதென்று தெரியாவிட்டால், 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி மையத்தின் இலவச எண் 14416ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.